அடுத்த சீசனில் எத்தனை ஹோம் ரன், எத்தனை வாக்? பேஸ்பால் சாவன்ட்டும் ஃபேன்கிராஃப்ஸும்: ஒரு ரசிகையின் மதிப்பீடு

பேஸ்பால் பார்ப்பவர்களுக்குக் குளிர்காலம் கணக்குப் போடுகிற காலம். நவம்பரில் உலகத் தொடர் முடிந்ததும் மைதானங்களைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மார்ச் கடைசி வரைக்கும் பேச்செல்லாம் ஒன்றுதான்: இவர் அடுத்த வருஷம் எப்படி ஆடுவார்? நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் நண்பர்கள் குழு பல வருஷமாக ஒரு ஃபேன்டஸி லீக் நடத்துகிறது: நிஜ ஆட்டக்காரர்களை எங்களுக்குள் ஏலம் எடுத்து, அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கு ஏற்பப் புள்ளி போடும் போட்டி. எங்கள் விதிப்படி ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலிக்கு மேலே போகும் அடி) அடித்தால் புள்ளி, வாக் (நான்கு மோசமான பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்துபோவது) எடுத்தாலும் புள்ளி, ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்) ஆனால் புள்ளி குறையும். ஆகவே ஏலத்தில் ஒரு பேட்டரை எடுக்கும் முன் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அவருடைய அடியில் எவ்வளவு பலம்? எந்தப் பந்தை அடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்ற நிதானம் எவ்வளவு?

இந்த இரண்டுக்கும் நான் நம்பிப் பயன்படுத்துவது இரண்டு சேவைகளை. ஒன்று மேஜர் லீக் பேஸ்பாலே நடத்தும் பேஸ்பால் சாவன்ட். இன்னொன்று ஃபேன்கிராஃப்ஸ். இரண்டிலும் எண்களை இலவசமாகப் பார்க்கலாம், ஃபேன்கிராஃப்ஸில் உறுப்பினர் ஆனால் விளம்பரம் இருக்காது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒரே ஒரு எண் போதும் என்றால் ஃபேன்கிராஃப்ஸின் கணிப்புப் பட்டியலுக்குப் போங்கள். அந்த எண் எங்கே தவறலாம் என்று தெரிய வேண்டுமென்றால் சாவன்ட்டுக்கு வாருங்கள். சாவன்ட்டை மட்டும் பார்த்து ஆள் எடுப்பவர்கள் ஏமாறுவதை எங்கள் லீகிலேயே பார்க்கிறேன். அழகான சிவப்பு வட்டங்கள் கண்ணை இழுத்துவிடுகின்றன.

சாவன்ட்டில் ஓர் ஆட்டக்காரரின் பெயரைத் தட்டினால் நீளமான கோடுகளும் அவற்றின் மேல் வட்டங்களும் வரும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் 1 முதல் 100 வரை ஓர் எண். லீகில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எந்த இடம் என்பதை அது சொல்கிறது. சிவப்பு என்றால் மேலே, நீலம் என்றால் கீழே. இதற்கெல்லாம் அடிப்படை ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டு முறை. 2015-இல் எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்கும் அது வந்தது. முதலில் ராடார் வைத்து அளந்தார்கள். 2020-இல் ஹாக்-ஐ கேமராக்களுக்கு மாறினார்கள். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ ரிவ்யூவில் பந்து ஸ்டம்பில் படுமா என்று காட்டுகிறதே, அதே ஹாக்-ஐதான். ஒரு மைதானத்துக்கு 12 கேமரா. பந்து பேட்டிலிருந்து கிளம்பும் வேகம், கிளம்பும் கோணம், பேட்டின் வேகம் எல்லாம் ஒவ்வொரு பந்துக்கும் பதிவாகிறது. இவ்வளவையும் காசு வாங்காமல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

முதலில் நிதானத்தைப் பார்ப்போம். கணிப்பதற்கு இதுதான் எளிது.

டெஸ்ட் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைக் கைவைக்காமல் விடுகிறாரே ஒரு நல்ல ஓப்பனர், அந்தப் பொறுமைதான். ஸ்ட்ரைக் ஸோனுக்கு (பந்து ஸ்ட்ரைக் என்று கணக்காகும் எல்லைக்கு) வெளியே வரும் பந்துகளில் எத்தனை சதவீதத்துக்கு ஒரு பேட்டர் பேட்டை வீசுகிறார் என்பதற்குச் ‘சேஸ்’ என்று பெயர். லீக் சராசரி ஏறக்குறைய 28 சதவீதம். ஹுவான் சோட்டோவின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவருடைய சேஸ் 20 சதவீதத்துக்கும் கீழே. 2021-இல் வாஷிங்டனில் 145 வாக், 2024-இல் யாங்கீஸில் 129, 2025-இல் மெட்ஸில் 127. ஊர் மாறியது, அணி மாறியது, எதிரில் பந்து வீசியவர்கள் மாறினார்கள். அந்தச் சிவப்பு வட்டம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. மெட்ஸ் 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து அவரை எடுத்ததில் ஹோம் ரன்னுக்கு எவ்வளவு பங்கோ, இந்தக் குணத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம். வயது ஏறினால் கால் வேகம் குறையும், பேட் வேகம் குறையும். பந்தைப் பார்த்து விடத் தெரிந்த கண் அவ்வளவு சீக்கிரம் போகாது.

எத்தனை ஆட்டம் பார்த்தால் ஒரு பேட்டரின் குணத்தை நம்பலாம் என்று ரஸ்ஸல் கார்ல்டன் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டிருக்கிறார். ஸ்ட்ரைக் அவுட் விகிதத்துக்கு 60 முறை பேட்டிங் வாய்ப்பு போதும். வாக் விகிதத்துக்கு 120. ஹோம் ரன் விகிதத்துக்கு 170. பேட்டிங் சராசரிக்கோ (எத்தனை வாய்ப்பில் எத்தனை ஹிட் என்ற விகிதம்) 910 வேண்டும், அதாவது ஒரு முழு சீசனுக்கும் மேல். இதைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். 120 முறை ஆடிவிட்டால் அந்த எண் கல்வெட்டு ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில்தான் ஆட்டக்காரரின் சொந்தச் சரக்கும் அதிர்ஷ்டமும் ஏறக்குறைய சமமாகின்றன. அதற்குக் கீழே அதிர்ஷ்டம் அதிகம். அதற்கு மேலே போகப் போக ஆளின் குணம் அதிகம். இதைப் புரிந்துகொண்டால் ஏப்ரலில் யாரையும் பார்த்துப் பதற மாட்டோம்.

ஸ்டீவன் குவானை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் கிளீவ்லாண்டுக்காக முதன்முதலாக மேஜர் லீகில் இறங்கினார். முதல் 116 பந்துகளில் ஒரு முறைகூடப் பேட்டை வீசித் தவறவிடவில்லை. அந்த வாரத்தில் அவருடைய பேட்டிங் சராசரியைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் பலர். சராசரியை நம்புவதற்கு அது மிகவும் சின்னக் கணக்கு. ஆனால் பேட்டில் பந்து படும் அந்தத் திறமையை அப்போதே நம்பியிருக்கலாம். அந்த சீசன் முழுவதும் சேர்த்து 60 ஸ்ட்ரைக் அவுட், 62 வாக். முதல் வாரத்தில் தெரிந்த குணம் அக்டோபர் வரைக்கும் நின்றது.

எதிர்ப்பக்கம் பீட் க்ரோ-ஆர்ம்ஸ்ட்ராங். சிகாகோ கப்ஸின் சென்டர் ஃபீல்டர், அவர் ஃபீல்டிங்கைப் பார்க்க நான் மெட்ஸ் ஆட்டத்தையே நிறுத்திவிட்டுச் சானல் மாற்றுவேன். 2025-இல் ஜூலை நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளைக்கு முன்பே 25 ஹோம் ரன். எங்கள் லீகில் ஓர் அண்ணன் இருக்கிறார், திருநெல்வேலிக்காரர், பேஸ்பாலை 90-களிலிருந்து பார்க்கிறவர். ஜூலையில் தன்னிடமிருந்த ஒரு நல்ல பிட்சரை (பந்து வீசுபவரை) கொடுத்து இவரை வாங்கப் போகிறேன் என்று போன் செய்தார்.

“ஏம்மா, பயல் இருபத்தஞ்சு அடிச்சிட்டான். இன்னும் என்ன யோசனை?”

“அண்ணே, சேஸ் நாப்பதுக்கு மேல இருக்கு. வெளிய போற பந்துல பாதிக்குக் கிட்டத்தட்ட வீசுறான். பிட்சருங்க சும்மா இருப்பாங்களா?”

“அடிக்கத்தானே செய்றான்.”

“இப்ப அடிக்கிறான். ஸோனுக்குள்ள போடுறத அவங்க நிறுத்திட்டா?”

அண்ணன் வாங்கினார். இடைவேளைக்குப் பிறகு க்ரோ-ஆர்ம்ஸ்ட்ராங் அடித்தது 6. மொத்தம் 31 ஹோம் ரன், வாக் வெறும் 29. இதை வைத்து அவர் மோசமான பேட்டர் என்று நான் சொல்ல மாட்டேன். வயது குறைவு, கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது. ஆனால் இவ்வளவு வீசுகிற பேட்டரின் பலம் பிட்சர்கள் கையில் இருக்கிறது. அடிக்கத் தோதான பந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஹாவியர் பாயஸுக்கும் 2018-இல் இதே 29 வாக்தான், 34 ஹோம் ரன், எம்விபி (லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். பிறகு டெட்ராய்ட்டில் 2022-இல் 17, 2023-இல் 9, 2024-இல் 6. காயங்களும் அதில் சேர்ந்தன என்பது உண்மை. ஆனாலும் எந்தப் பேட்டரின் பக்கத்தைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது சேஸ் வரியை. வேகங்களெல்லாம் அப்புறம்.

வாக் எண்ணிக்கையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சில பேட்டர்கள் பொறுமையால் வாக் எடுக்கிறார்கள், சிலருக்குப் பயத்தால் கொடுக்கிறார்கள். ஆரன் ஜட்ஜுக்கு 2025-இல் வேண்டுமென்றே கொடுத்த வாக் மட்டும் 36. அவருக்கு இயல்பாகவே நல்ல கண் உண்டு. அதன் மேல் இது. பலம் இருக்கும்வரை இந்த வாக் வரும். பலம் குறைந்தால் முதலில் காணாமல் போவதும் இதுதான். கணிப்பில் வரும் வாக் எண்ணைப் படிக்கும்போது எந்த வகை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. ஃபேன்கிராஃப்ஸ் பட்டியலில் வேண்டுமென்றே கொடுத்த வாக் தனிக் கட்டத்தில் இருக்கிறது.

அடியின் பலம் இதைவிடச் சிக்கலானது.

சாவன்ட்டில் எல்லாரும் முதலில் பார்ப்பது பந்து கிளம்பும் வேகம். மணிக்கு 95 மைலுக்கு மேல் போனால் ‘ஹார்ட் ஹிட்’. அதைவிட முக்கியமானது ‘பேரல்’. பந்து குறைந்தது 98 மைல் வேகத்தில், 26 முதல் 30 டிகிரி கோணத்தில் கிளம்பினால் அது பேரல். வேகம் கூடக் கூடக் கோணத்தின் எல்லை விரியும். 116 மைலில் 8 முதல் 50 டிகிரி வரைக்கும் பேரல்தான். அதாவது வேகமும் உயரமும் ஒன்றாகச் சேர்ந்த அடி. வேகம் மட்டும் இருந்தால் பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப் கையில் போய் விழும்.

இதற்கு விளாடிமிர் கெரேரோ ஜூனியரைவிட நல்ல உதாரணம் கிடையாது. டொரொன்டோவுக்காக 2021-இல் 48 ஹோம் ரன் அடித்தார், அப்போது 22 வயது. உலகமே அடுத்தது 50, 55 என்று பேசியது. வந்தது 32, 26, 30, 23. இத்தனை வருஷமும் அவருடைய வேக வட்டம் கருஞ்சிவப்புதான். அவர் அடிக்கும் பந்தின் வேகம் எங்கேயும் போகவில்லை. பாதிக்குக் கிட்டத்தட்டத் தரையில் போகிறது, அவ்வளவுதான். சாவன்ட்டின் மேல் வட்டங்களை மட்டும் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு மார்ச்சிலும் அவர் 45 அடிக்கப் போகிறவராகவே தெரிவார். அதே பக்கத்தில் இன்னும் கீழே இறங்கினால் பந்து எந்த உயரத்தில் போகிறது, எந்தத் திசையில் போகிறது என்ற அட்டவணை இருக்கிறது. பலர் அதுவரை இறங்குவதில்லை.

திசை என்றதும் ஈசாக் பரேடெஸ் நினைவுக்கு வருகிறார். இவரைப் பற்றி எங்கள் லீகில் ஒரு குளிர்காலம் முழுவதும் பேசினோம். 2023-இல் டாம்பா பேயில் 31 ஹோம் ரன். சாவன்ட் பக்கத்தைத் திறந்தால் வேக வட்டங்கள் நீலம். எப்படி என்று பார்த்தால், வலது கையால் அடிக்கும் அவர் பந்தை இடது பக்கக் கோட்டை ஒட்டி உயரமாக இழுத்து அடிக்கிறார். அந்தப் பக்கம் வேலி பக்கத்தில் இருக்கிறது. பெரிய வேகம் தேவையில்லை, இடம் தெரிந்து அடித்தால் போதும். சாவன்ட் கொடுக்கும் ‘எதிர்பார்க்கப்படும்’ எண்கள் வேகத்தையும் கோணத்தையும் வைத்துத்தான் போடப்படுகின்றன. பந்து இடது பக்கம் போனதா நடுவே போனதா என்பது அந்தக் கணக்கில் இல்லை. நடு மைதானத்தில் 400 அடி தாண்டினால்தான் ஹோம் ரன். கோட்டோரம் 330 அடி போதும். ஆகவே பரேடெஸ் போன்றவர்களைச் சாவன்ட் எப்போதும் குறைத்தே மதிப்பிடும். இவருக்கு அதிர்ஷ்டம் தீர்ந்துவிடும் என்று அந்தச் சிறிய எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2024 நடுவில் அவரை சிகாகோ கப்ஸ் வாங்கியது. ரிக்லி மைதானத்தில் இடது கோட்டோர வேலி 355 அடி. கப்ஸில் 52 ஆட்டத்தில் 3 ஹோம் ரன். அந்த டிசம்பரில் ஹூஸ்டனுக்குப் போனார். அங்கே இடது பக்கம் க்ராஃபோர்டு பாக்ஸ் என்ற இருக்கைகள் 315 அடியிலேயே இருக்கின்றன. 2025-இல் 102 ஆட்டத்தில் 20. அதே ஆள், அதே அடி. மைதானத்தின் அளவு தெரியாமல் பலத்தைக் கணிக்கவே முடியாது என்பதை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். சாவன்ட்டில் இப்போது பந்தை உயரமாக இழுத்து அடிக்கும் சதவீதத்தைத் தனி வரியாகக் கொடுக்கிறார்கள். நான் ஹோம் ரன்னுக்கென்று பார்க்கும் வரிகளில் பேரலுக்கு அடுத்தது அதுதான்.

2024 மே மாதத்திலிருந்து பேட் வேகமும் பொதுவில் கிடைக்கிறது. லீக் சராசரி மணிக்கு 72 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஜான்கார்லோ ஸ்டான்டன் 81 மைலுக்கு மேல். கடைசியில் லூயிஸ் அரயேஸ், 63 பக்கம். அரயேஸ் 2025-இல் முழு சீசன் ஆடி 21 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அடித்த ஹோம் ரன் 8. எங்கள் விதிப்படி அவருக்கு நல்ல மதிப்பு உண்டு, அது வேறு கதை. பேட் வேகத்தின் பெரிய நன்மை, அது சீக்கிரமாகவே தெரிந்துவிடும் என்பது. ஒரு வாரத்தில் ஹோம் ரன் எதுவும் வராமல் போகலாம், வேகம் வராமல் போகாது. தோள் அறுவை சிகிச்சை முடிந்து வருகிற ஒருவர் தேறிவிட்டாரா என்பதை மார்ச் ஆட்டங்களின் ஹோம் ரன்களைவிட இந்த ஒரு எண் நேர்மையாகச் சொல்லும்.

ஆனாலும் வேகம் இருந்தால் எல்லாம் வந்துவிடாது. பிட்ஸ்பர்க்கின் ஒனீல் க்ரூஸ் 2025 மே மாதம் 122.9 மைல் வேகத்தில் ஒரு ஹோம் ரன் அடித்தார். ஸ்டாட்காஸ்ட் வந்த பிறகு அதைவிட வேகமான அடி பதிவானதில்லை. அந்த சீசனை அவர் முடித்தது .200 சராசரி, 20 ஹோம் ரன்னோடு. பேட்டில் பந்து படவே இல்லையென்றால் வேகம் என்ன செய்யும்? ஆகவே பலத்தையும் நிதானத்தையும் தனித்தனிக் கேள்வியாக வைத்துக்கொண்டால் இரண்டுக்குமே தவறான விடைதான் வரும்.

இப்போது ஃபேன்கிராஃப்ஸ். இங்கே கணிப்புகள் என்ற பகுதியில் பல முறைகளை ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஸ்டீமர், ஜிப்ஸ், தி பேட், தி பேட் எக்ஸ், ஏடிசி என்று. ஸ்டீமர் சீசன் முடிந்த கொஞ்ச நாளிலேயே வந்துவிடும். அதை உருவாக்கியவர் ஜாரெட் கிராஸ் என்ற புரூக்ளின் பள்ளி ஆசிரியர், தன் பழைய மாணவர்களோடு சேர்ந்து. டான் சிம்போர்ஸ்கியின் ஜிப்ஸ் குளிர்காலம் முழுவதும் அணி அணியாக வரும். ஒரே எண்ணைச் சொல்லிவிட்டுப் போகாமல், நன்றாகப் போனால் எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு என்றும் அவர் கட்டுரைகளில் கொடுப்பதால் எனக்கு அது பிடிக்கும். தி பேட் எக்ஸ் என்பது ஸ்டாட்காஸ்ட் எண்களையும் கணக்கில் சேர்க்கிறது. பலத்துக்கு மட்டும் ஒன்றைப் பார் என்றால் நான் அதைப் பார்ப்பேன். பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸின் பெக்கோட்டாவும் உண்டு, அது தனிச் சந்தா. பின்னாளில் தேர்தல் கணிப்பில் பெயர் வாங்கிய நேட் சில்வர் உருவாக்கியது, 2003-இல் வெளிவந்தது.

இவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், டாம் டாங்கோ உருவாக்கிய மார்செல் என்ற முறையிலிருந்து தொடங்கலாம். இதைவிட எளிய கணிப்பு இருக்க முடியாது என்று சொல்லி ஒரு குரங்கின் பெயரையே அதற்கு வைத்தார். ஆனால் மற்ற எல்லா முறைகளின் எலும்புக்கூடும் அதில் இருக்கிறது. நான் பகலில் பார்ப்பது கணக்கு வேலை. ஆகவே கால் ரேலி என்ற பேட்டருக்கு ஒருமுறை பேப்பரிலேயே போட்டுப் பார்த்தேன்.

சியாட்டிலின் கேட்சர் ரேலி 2023-இல் 30 ஹோம் ரன், 2024-இல் 34, 2025-இல் 60. கடைசி வருஷத்துக்கு 5 மடங்கு எடை, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3. 300, 136, 90. கூட்டினால் 526. பேட்டிங் வாய்ப்புகளும் அதே எடையில்: ஏறக்குறைய 700, 630, 570. கூட்டினால் 7,730. இத்தோடு ஒரு சராசரி ஆட்டக்காரரின் 1,200 வாய்ப்புகளைச் சேர்க்க வேண்டும். சராசரி ஆள் அதில் 37 போல அடிப்பார். இப்போது 8,930 வாய்ப்பில் 563. அடுத்த வருஷம் எத்தனை வாய்ப்பு கிடைக்கும்? கடைசி வருஷத்தில் பாதி, முந்தைய வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு, கூட 200. அது 613. முந்தைய விகிதத்தால் பெருக்கினால் 39 ஹோம் ரன் வருகிறது. வயது 29-க்கு மேலானால் கொஞ்சம் குறைக்க வேண்டும், கீழானால் கொஞ்சம் கூட்ட வேண்டும். 2026-இல் அவருக்கு வயது சரியாக 29. ஆகவே எதுவும் மாறாது.

60 அடித்தவருக்கு 39-ஆ என்று எங்கள் வீட்டிலேயே சண்டை வந்தது. 2025 தொடங்கும் முன் எந்தக் கணிப்பும் ரேலிக்கு 60 சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த 39-ஐ அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 60 அடித்த வருஷத்தில் உடம்பு, மைதானம், காற்று, பிட்சர்களின் தவறு எல்லாம் ஒரே பக்கம் நின்றன. அத்தனையும் மறுபடி ஒன்றுசேரும் என்று யார் உத்தரவாதம் தருவது? 39 என்பது நடுப்புள்ளி. அதற்கு மேலும் கீழும் பத்துப் பதினைந்து போவது சாதாரணம். மார்செலுக்குப் பேட் வேகமும் தெரியாது, ரேலி பந்தை எவ்வளவு உயரமாக இழுத்து அடிக்கிறார் என்பதும் தெரியாது. நான் சாவன்ட்டுக்குப் போவது அதற்காகத்தான். அவர் பக்கத்தைப் பார்த்த பிறகு நடுப்புள்ளியை நாற்பதுகளின் தொடக்கத்துக்கு என் மனதில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஐம்பதுக்கு ஏற்றவில்லை.

எந்தச் சேவையாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது பந்து. 2019-இல் மேஜர் லீகில் மொத்தம் 6,776 ஹோம் ரன், வரலாற்றிலேயே அதிகம். 2021-இல் 5,944. 2022-இல் 5,215. ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பலம் இழந்துவிட்டார்களா என்ன? 2021-இல் பந்தின் தயாரிப்பை மாற்றினார்கள். 2022-இல் முப்பது மைதானங்களிலும் பந்துகளை ஈரப்பதப் பெட்டியில் வைத்தார்கள். இதெல்லாம் நடக்கும்போது நம்முடைய 35, 28 ஆகிவிடும். லீகில் எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைவதால் ஏலத்தில் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஒருவரின் எண்ணை மட்டும் தனியாகப் பார்த்து “இவர் முடிந்துவிட்டார்” என்று சொல்லும் முன் லீக் மொத்தத்தையும் பார்த்துவிடுங்கள். ஃபேன்கிராஃப்ஸில் அது இரண்டு தட்டில் வந்துவிடும்.

2026-இல் நிதானப் பக்கமும் ஒரு மாற்றம் வருகிறது. ஸ்ட்ரைக்கா இல்லையா என்ற அம்பயரின் முடிவை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு; சரியாகக் கேட்டால் வாய்ப்பு குறையாது. கேட்கக்கூடியவர்கள் பேட்டர், பிட்சர், கேட்சர் மட்டும், அதுவும் உடனே தலையைத் தட்டிக் காட்ட வேண்டும். ஸோனின் மேல் விளிம்பு பேட்டரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் விளிம்பு 27 சதவீதம். சோட்டோ போல ஸோனின் எல்லையை அங்குலக் கணக்கில் தெரிந்தவர்களுக்கு இது லாபம் என்றே நினைக்கிறேன். இதுவரை கிடைக்கும் வாக் கணிப்புகள் எல்லாம் அம்பயர் சொன்னதே முடிவு என்ற காலத்து எண்களில் கட்டியவை. ஆகவே நல்ல கண் உள்ளவர்களுக்கு இந்த ஏலத்தில் ஒன்றிரண்டு டாலர் கூடவே கொடுக்கப் போகிறேன்.

குறை என்று சொன்னால், இரண்டுமே புதியவர்களுக்குக் கடினம். எழுத்துச் சுருக்கங்கள் வரிசை வரிசையாக வரும், எது முக்கியம் என்று யாரும் கையைப் பிடித்துச் சொல்ல மாட்டார்கள். கணினித் திரையில் பாருங்கள். அட்டவணைகள் அவ்வளவு அகலம். பட்டியலை எடுத்து உங்கள் லீகின் விதிக்கு ஏற்றபடி புள்ளி போட்டுக்கொள்வது நல்லது. இந்தச் சிரமத்தைப் பார்த்துவிட்டு ஒரு கட்டணச் செயலிக்கு நானும் காசு கட்டியதுண்டு. பெயர் வேண்டாம். “அடுத்த 40 ஹோம் ரன் ஆட்டக்காரர்” என்று பச்சை அம்புக்குறியோடு பெயர்களைக் கொடுத்தார்கள். எந்தக் கணக்கு, எத்தனை வருஷ எண்கள், வயதுக்கு எவ்வளவு கழித்தார்கள், எதுவும் சொல்லவில்லை. கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. தன் கணக்கைத் திறந்து காட்டாத எவருடைய கணிப்பையும் இப்போது நான் காசு கொடுத்து வாங்குவதில்லை. டாங்கோவின் முறையை ஒரு பள்ளிப் பிள்ளைகூடப் பேப்பரில் சரிபார்க்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். ஃபேன்கிராஃப்ஸில் ‘டெப்த் சார்ட்ஸ்’ என்ற கணிப்பை எடுங்கள். ஸ்டீமரையும் ஜிப்ஸையும் கலந்து, யாருக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்பதை மனிதர்கள் உட்கார்ந்து போட்டது அது. உங்களுக்குப் பிடித்த பேட்டரின் ஹோம் ரன், வாக், ஸ்ட்ரைக் அவுட் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சாவன்ட்டில் அவருடைய சேஸ், பேரல், உயரமாக இழுத்து அடிப்பது, பேட் வேகம் இந்த நான்கு வரியை மட்டும் மூன்று வருஷத்துக்குப் பாருங்கள். நான்கும் நிலையாக இருந்தால் கணிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சேஸ் வருஷத்துக்கு வருஷம் இறங்கியிருந்தால் வாக்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பேட் வேகம் ஒரு மைலுக்கு மேல் விழுந்திருந்தால் ஹோம் ரன்னைக் குறையுங்கள், காயம் ஏதாவது இருந்ததா என்றும் தேடுங்கள். அணி மாறியிருந்தால் புது மைதானத்தின் வேலி எத்தனை அடி என்று பாருங்கள்.

எங்கள் ஏலம் மார்ச் கடைசி வாரம். திருநெல்வேலி அண்ணன் க்ரோ-ஆர்ம்ஸ்ட்ராங்கை இந்த வருஷமும் விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். நான் ஏப்ரல் கடைசி வரைக்கும், க்ரோ-ஆர்ம்ஸ்ட்ராங் 120 வாய்ப்பு ஆடி முடிக்கும் வரைக்கும் பார்ப்பேன். அப்போது அந்தச் சேஸ் எண் முப்பதுகளுக்குள் இறங்கியிருந்தால், என்ன விலை சொன்னாலும் அண்ணனிடம் போய்க் கேட்பேன்.